மஞ்சள் மேல் விழுந்த பழி

மென்பொருள் சோதனையாளர் திருமூர்த்தி, தமது நாற்பத்தோரு ஆண்டு வாழ்க்கையில் எந்தப் பொருளையும் மனமொப்பிக் குப்பையில் போட்டவர் அல்லர். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் உள்ள அவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் பதினான்கு தயிர் டப்பாக்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் மட்டும் தயிர் இருக்கும். அது எது என்பது அவர் மனைவி சாரதாவுக்கே மூன்றாவது முயற்சியில்தான் தெரியவரும். ஜிப்லாக் பைகள் அலசப்பட்டு, தட்டுக் கூடையில் தலைகீழாக நின்று காயும். கூரியரில் வந்த அட்டைப் பெட்டிகள் வயது வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். இதைக் கருமித்தனம் என்பவர்கள் அவரை அறியாதவர்கள். அவர் செலவுக்கு அஞ்சியவர் அல்லர். சிலருக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். இவருக்கு வீணாவதைக் கண்டால் நெஞ்சு அடைக்கும். அவ்வளவுதான்.

இத்தகைய மனிதரைத் துப்பாக்கி சுடும் கூடத்துக்கு அழைத்துப் போன பெருமை, அடுத்த இருக்கையில் வேலை பார்த்த பெனிஷைச் சேரும். நாகர்கோவில்காரர், அமெரிக்கக் குடிமகனாகி, மான் வேட்டைக்கெல்லாம் போய் வருபவர்.

"மக்கா, டெக்சாஸ்ல பதினஞ்சு வருஷமா குடியிருக்க. ஒருக்காவாவது சுட்டுப் பாக்காண்டாமா?" என்றார் பெனிஷ்.

திருமூர்த்தி பத்துத் தோட்டாக்கள் சுட்டார். பத்துக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குறித்தாளில் ஓட்டை ஏதும் விழவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து கீழே பார்த்தபோது, தரையெங்கும் சுண்டுவிரல் நுனியளவு கூடுகள் மஞ்சளாக மின்னிக்கொண்டு கிடந்தன. ஒருவன் அவற்றைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பெனிஷ், இது பித்தளைங்களா?"

"பித்தளதான். குண்டு போயிரும், கூடு விழுந்துரும். அங்கங்க இரும்புக்கூடும் கெடக்கும், அது ஒண்ணுக்கும் ஒதவாது. பித்தளைய மட்டும் ரீலோட் பண்றவனுக பொறுக்கிட்டுப் போவானுக. புது பிரைமர், மருந்து, குண்டு வச்சா ஒரே கூட்ட அஞ்சாறு தடவ திரும்ப நெறைக்கலாம்."

திரும்ப நிறைக்கலாம்! மகான்களுக்கு மரத்தடியில் கிடைத்தது திருமூர்த்திக்கு அந்தச் சிமென்டுத் தரையில் கிடைத்தது. அன்று அவர் முட்டி போட்டு ஒரு மணி நேரம் பொறுக்கினார். இரும்புக் கூடுகளையும் விடவில்லை. "அது எதுக்கு மக்கா?" என்று பெனிஷ் கேட்டதற்கு, "இருக்கட்டுங்க, பின்னால பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பின்னால் இன்றுவரை வரவில்லை.

சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. திருமூர்த்தி கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, பன்னிரண்டு ஆண்டுகளாக வரிசையில் நிற்பவர். வேலை விசாவில் இருப்பவர் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே முட்டை கலந்த கேக்கைக்கூட முகர்ந்து பார்த்து ஒதுக்கும் திருமூர்த்தி, டெக்சாஸ் அரசிடம் முறைப்படி வேட்டை உரிமம் பெற்றார். மான், வாத்து, காட்டுப்பன்றி அனைத்தையும் கொல்ல அவருக்கு அதிகாரம் வந்தது. அவற்றுக்கு இதுவரை தகவல் போய்ச் சேரவில்லை.

கேரேஜில் தொழிற்சாலை எழுந்தது. பழனி முருகன் படம் போட்ட ஃப்ரிட்ஜ் காந்தம் இரும்பையும் பித்தளையையும் பிரித்துக் கொடுத்தது. சாரதா தூக்கிப் போடச் சொன்ன பழைய வெட் கிரைண்டரிலிருந்து கல்லைக் கழற்றிவிட்டு, கூடுகளையும் நொய்யரிசியையும் போட்டு ஓடவிட்டார். அரிசி கரியைத் தின்று கறுத்தது. பின் புளித்தண்ணீரில் ஊறல், அலசல், வெயிலில் உலர்த்தல். இந்தப் புளி முறைக்கு அவர் காப்புரிமை வாங்கலாமா என்றுகூட யோசித்தார். நிறைத்த தோட்டாக்களைப் பெனிஷுக்குக் கொடுத்தார். பெனிஷ் சுட்டுவிட்டு வெறுங்கூடுகளைத் திருப்பிக் கொடுத்தார். யாரையும் எதையும் கொல்லாமல், ஒரே பித்தளை கேட்டி நகரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சாரதாவுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். "ஏனுங்க, ஊர்ல எங்கம்மா பித்தளக் குத்துவிளக்க வெளக்கச் சொன்னா, தலவலின்னு போய்ப் படுத்துக்குவீங்களே. இப்ப எப்படிங்க?"

"அது ஒரே வெளக்கு. எத்தன தடவ வெளக்குனாலும் அதே வெளக்குதான். இது அப்படியா?"

சாரதாவுக்கு விடை புரியவில்லை. புரியாவிட்டாலும் குற்றமில்லை என்று விட்டுவிட்டாள். பகலெல்லாம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை, இடுப்பில் பெண் குழந்தை ஓவியா. கேரேஜுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சின்ன இடத்தில்தான் செருப்பு அலமாரி. தமிழர் வீடாகையால் யாரும் வெளிச்செருப்போடு உள்ளே வருவதில்லை. செருப்புகள் அந்த அலமாரியோடு நின்றுவிடும். தவழும் ஓவியாவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுவாயிற்று. அப்பாவின் ஷூவைக் கட்டிக்கொண்டு அதன் நாடாவைச் சப்புவாள். திருமூர்த்தியும் தம் பங்குக்கு, பளபளவென்று விளக்கிய பத்துக் கூடுகளைச் சொப்புச் சாமானாக அவள் முன் பரப்பி வைப்பார். குழந்தை ஒவ்வொன்றையும் வாயில் வைத்து மருமகளின் சமையலை ருசி பார்க்கும் மாமியார் போல் முகம் சுளிக்கும். வீடே சிரிக்கும்.

தோட்டாவில் பொறி எழுப்பும் பிரைமரின் டப்பா மீது, இதில் காரீயம் உண்டு, கையாண்டபின் கை கழுவுக, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க என்று அச்சிட்டிருந்தது. திருமூர்த்தி அதைப் படித்தார். பிழை கண்டுபிடிப்பது அவருடைய தொழில். கண்டுபிடித்த பிழைகளை அவசரம், சாதாரணம், பிறகு என்று மூன்றாகப் பிரிப்பதும் அவருடைய தொழில்தான். இதைப் 'பிறகு'வில் வைத்தார்.

ஓவியாவுக்கு ஒரு வயது முடிந்ததும் வழக்கமான பரிசோதனை நடந்தது. ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு ஒன்பது மைக்ரோகிராம் இருந்தது. மூன்றரையைத் தாண்டினாலே விசாரிப்பார்கள். குழந்தை மருத்துவர் விசாலாக்ஷி திருச்சிக்காரர். இருபது ஆண்டுகளாக நம்மவர் பிள்ளைகளைப் பார்த்து வருபவர். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஊர்லேருந்து மஞ்சத்தூள் வருதா, சாரதா?"

வருகிறது. கவுந்தப்பாடிப் பக்கம் சாரதாவின் அப்பா நாச்சிமுத்துவுக்கு ஒன்றரை ஏக்கர் மஞ்சள் உண்டு. ஆண்டுதோறும் அவரே வேகவைத்து, மெருகு போட்டு, மில்லில் பக்கத்தில் நின்று அரைத்து மகளுக்கு அனுப்பிவிடுவார்.

"சில இடத்துல கலர் ஏத்த லெட் கலந்துடறாங்க. மொதல்ல அத நிறுத்துங்க. கவுன்ட்டி ஹெல்த் ஆபீஸ்லேருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாங்க."

காரில் சாரதா கேட்டாள். "ஏனுங்க, உங்க கேரேஜ் சாமானுல ஒண்ணும் இல்லீங்களே?"

"அது பித்தளை, சாரதா. பித்தளைக்கும் காரீயத்துக்கும் என்ன சம்பந்தம்?"

இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதைச் சோதனையாளர் கவனித்துக்கொண்டார்.

நர்ஸ் வந்தது அக்டோபர் இரண்டாம் வாரம். திருமூர்த்தியின் வேட்டை உரிமம் முடிந்தது ஆகஸ்ட் கடைசித் தேதி. இடையில் ஆறு வாரம். மானும் வாத்தும் பொருட்படுத்தாத இந்த ஆறு வாரத்தை, திருமூர்த்தி நர்ஸின் காரைக் கண்ட பிறகுதான் நினைத்துப் பார்த்தார். உரிமம் இல்லை. கேரேஜில் நிறைத்த தோட்டாக்கள் வாளி வாளியாக. கிரீன் கார்டு கோப்பு இன்னும் வரிசையில்.

நர்ஸ் நல்ல மாதிரி. சோபாவில் அமர்ந்து, மடியில் படிவத்தை வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீடு எந்த ஆண்டு கட்டியது? கண் மை உண்டா? பித்தளைப் பாத்திரம் உண்டா? சோதனைக்கு மஞ்சள்தூள் கொஞ்சம் வேண்டும் என்றதும் சாரதா எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். அப்போது நர்ஸ் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: வீட்டில் யாருக்காவது துப்பாக்கி சுடுதல், தோட்டா நிறைத்தல், தூண்டில் குண்டு வார்த்தல் போன்ற பொழுதுபோக்கு உண்டா?

"இல்லை" என்றார் திருமூர்த்தி.

நர்ஸ் ஒரு கட்டத்தில் குறியிட்டாள். சாரதா மஞ்சள் டப்பாவோடு வந்தாள்.

அன்றே சாரதா அப்பாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் திருமூர்த்தியும் கேட்க வேண்டியதாயிற்று.

"அப்பா, மஞ்சத்தூள்ல காரீயம் இருக்கும்ங்கறாங்க. பாப்பா ரத்தத்துல ஏறியிருக்குதாமா."

"எந்த மஞ்சள்லங்கறாங்க அம்முணி?"

"நம்ம மஞ்சள்லதானுங்கப்பா."

கவுந்தப்பாடியிலிருந்து, "நான் ஒண்ணும் கலக்கலியே சாமி" என்று மெல்ல வந்தது. "மண்ணுல இருக்குமோ என்னமோ. டாக்டரம்மா சொன்னா செரியாத்தான் இருக்கும். எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிரு. புள்ளதான் முக்கியம்."

சாரதா கொட்டினாள். மஞ்சளோடு மிளகாய்த்தூள், மல்லித்தூள், அம்மா கொடுத்த பித்தளைப் பாலாடை, கண் மை, குங்குமம் எல்லாம் போயின. குப்பை வண்டி வந்து எடுத்துப் போகும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள். திருமூர்த்தியும் பார்த்தார். வீணாவதைக் கண்டால் அடைக்கும் அந்த நெஞ்சு அன்று எப்படி இருந்தது என்பது பற்றி நம்மிடம் குறிப்பேதும் இல்லை.

ஆனால் அவர் கெட்டவர் அல்லர் என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். தோட்டா நிறைப்பதை அன்றோடு நிறுத்தினார். சாரதா ஹில்கிராஃப்டுக்குக் காய்கறி வாங்கப் போன ஒரு சனிக்கிழமை, ஓவியாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்போடு, கேரேஜை ரகசியமாகச் சுத்தம் செய்தார். வாளிகளைப் பெனிஷ் வந்து எடுத்துப் போனார்.

"என்ன மக்கா, சாமியாராப் போறியா?"

"பாப்பா பெருசாகிட்டா, எடம் பத்தலீங்க."

தொழிற்சாலை போன இடத்தை மூலை முடுக்கெல்லாம் நல்ல தென்னந்துடைப்பத்தால் அழுத்தி அழுத்திக் கூட்டினார். தூசி புகைபோல் எழுந்தது. கதவை அகலத் திறந்து வைத்தால் வெளியே போய்விடும் என்று, இரண்டு பக்கமும் திறந்து வைத்தார். அது வெளியேயும் போயிற்று, உள்ளேயும் வந்தது. காரீயத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும் என்பதை நர்ஸிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். கேட்பதற்கு முதலில் அவள் படிவத்தில் 'இல்லை' என்று குறித்த கட்டத்தை மாற்றவேண்டும். செருப்பு அலமாரியின் கீழே உட்கார்ந்திருந்த ஓவியா, வெயிலில் மிதந்த தூசியைக் கைகொட்டிப் பிடித்து விளையாடினாள். திருமூர்த்தி அதை வீடியோ எடுத்து மாமனாருக்கும் அனுப்பினார். மனிதர் மனம் உடைந்து கிடப்பாரே என்ற நல்லெண்ணம்தான்.

டிசம்பரில் ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மஞ்சள் மாதிரியில் காரீயம் இல்லை. வீட்டின் எல்லாப் படிவங்களிலும் திருமூர்த்தி தம் மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுப்பார் என்பதால் அது அவருக்கு மட்டும் வந்தது. அவர் அதை அழிக்கவில்லை. அழிப்பவர் அல்லர். 'வீடு, இதர' என்ற உறைக்குள் நகர்த்தி வைத்தார். காரணம் அகன்றுவிட்டது, அடுத்த பரிசோதனையில் எண் இறங்கிவிடும், அப்போது பொறுமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் திட்டம்.

ஜனவரியில் எண் பதினான்கு.

டாக்டர் விசாலாக்ஷி கணினியைப் பார்த்தார். பிறகு திருமூர்த்தியை விட்டுவிட்டு, சாரதாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"சாரதா, ஹானஸ்ட்டா சொல்லுங்க. அப்பா குடுத்ததாச்சேன்னு கொஞ்சம் எடுத்து வெச்சுருக்கீங்களா?"

"இல்லீங்க டாக்டர். எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"நான் திட்ட மாட்டேன். நெறைய பேர் அப்படிப் பண்ணுவாங்க. சென்டிமென்ட். ஆனா வீட்டுல எதுவோ இருக்கு. இல்லன்னா ஏறாது. இந்த வயசுல இது மூளைய பாதிக்கும்மா. பேச்சு, படிப்பு எல்லாம். அப்பறம் திரும்பி வராது."

"சத்தியமா இல்லீங்க" என்றாள் சாரதா. சொல்லிக்கொண்டே அழுதாள். டாக்டர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவர் நம்பவில்லை என்பது அந்தத் தள்ளலில் தெரிந்தது. சாரதா குழந்தையை இறுக்கிக்கொண்டு, "மசாலா டப்பாவக் கழுவுன ஸ்பாஞ்சு… அத மட்டும் கொஞ்ச நாள் வெச்சிருந்தேன். அதுலயா டாக்டர்?" என்று கேட்டாள்.

திருமூர்த்தி வாயைத் திறந்தார். "மஞ்சள் இல்லீங்க டாக்டர்."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேரேஜ்ல நான் தோட்டா நெறைப்பேன். கூட்டுல ஒட்டியிருக்கற கரில காரீயம் இருக்கு. மஞ்சள்ல ஒண்ணுமில்லன்னு லேப் ரிப்போர்ட் வந்துருச்சு." எவ்வளவு நாளாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. "முப்பத்தஞ்சு நாளாச்சு" என்று அவராகவே சொன்னார். இவ்வளவு முழுமையான பிழையறிக்கையை அவர் அலுவலகத்தில்கூட அதுவரை கொடுத்ததில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டார். சாரதாவின் அழுகை நின்றுவிட்டது. வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு, இறங்காமல், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நர்ஸ் இதக் கேட்டிருப்பாங்கல்ல? அப்ப நான் எங்கீங்க இருந்தேன்?"

"கிச்சன்ல. மஞ்சள் எடுக்கப் போயிருந்த."

சாரதா தலையை ஆட்டிக்கொண்டாள், வழி கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல. பிறகு, "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

நாச்சிமுத்து முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க மாப்ள. புள்ளைக்கு எறங்கிருச்சுங்களா?"

திருமூர்த்தி சொன்னார். தடுமாறாமல் சொன்னார் என்றுதான் சொல்லவேண்டும். கேட்டு முடித்ததும் பெரியவர் மூச்சு விடுவது நன்றாகக் கேட்டது.

"அப்ப மண்ணு நல்ல மண்ணுதானுங்களா?"

"நல்ல மண்ணுதானுங்க மாமா."

"செரிங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க மாப்ள. அம்முணிகிட்ட இப்பச் சொல்லிப்போடாதீங்க. அறுப்புக்கு ஒரு மாசம் இருக்கறப்பவே மஞ்சளப் பூராவும் வெட்டி எடுத்துக் கெணத்தோரமாக் கொட்டிட்டனுங்க. மில்லுக்காரன் கேட்டான், குடுக்கல. நம்ம புள்ளைக்கு வெசம்னு தெரிஞ்சப்பறம் அடுத்தவன் புள்ளைக்கு விக்க முடியுங்களா? மஞ்சக் காட்டயுங்கூடக் கோழிப்பண்ணைக்காரனுக்குப் பத்து வருசக் குத்தகைக்கு எழுதிக் குடுத்தாச்சு. கோழிச் செட்டும் போட்டுட்டாங்க." தவறு தம்முடையது போல் குரலைத் தாழ்த்தினார். "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டனுங்க."

பெரியவர் போனை வைத்த பிறகும் திருமூர்த்தி தம் போனை வெகுநேரம் காதோடு வைத்துக்கொண்டே நின்றார்.

நர்ஸ் மறுபடி வந்தாள். தோட்டா, உரிமம், ஆறு வாரம் என்று திருமூர்த்தி ஆரம்பித்தபோது அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். உரிமத்தைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. விசாவைப் பற்றியும் இல்லை. பழைய கட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் குறியிட்டாள். அரை அங்குலக் கட்டம். அதைத் தாண்டுவதற்குத்தான் அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. கிரீன் கார்டு வரிசை அன்றும் நகரவில்லை, அதற்கு முன்னும் நகர்ந்ததில்லை.

சாரதா ஓவியாவோடு சுகர்லேண்டில் உள்ள தோழி காமாக்ஷி வீட்டுக்குப் போனாள். வீடு சுத்தமாகும்வரை என்று பேச்சு. திருமூர்த்தி கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, ஈரத்துணியால் சுவரையும் தரையையும் ஒற்றி எடுத்தார். கம்பளத்தைச் சுருட்டிப் போட்டார். செருப்பு அலமாரி, ஷூக்கள், கிரைண்டர், சோபா, ஓவியாவின் துணிப்பொம்மைகள் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டிப் போட்டார். கவுன்ட்டி ஆட்கள் வந்து துடைத்துப் பார்த்து வீடு சுத்தம் என்று தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் படம் எடுத்துச் சாரதாவுக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அடுத்த பரிசோதனை ஏப்ரலில். உள்ளே வரவேண்டாம் என்று சாரதா சொல்லியிருந்ததால் திருமூர்த்தி பார்க்கிங்கில் நின்றார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. ஓவியா இப்போது நடக்கிறாள்! மூன்று மாதத்தில் நடை வந்திருக்கிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல் இன்னும் ஒன்றிரண்டுதான். அது வயதாலா வேறொன்றாலா என்று இப்போது சொல்லமுடியாது, பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பதினொண்ணு" என்றாள் சாரதா. "எறங்குது. மெதுவாத்தான் எறங்குமாமா."

குழந்தை அவரைக் கண்டுகொண்டது. இரண்டு கையையும் நீட்டி ஓடிவந்தது. திருமூர்த்தி குனிந்தார்.

"கை கழுவிட்டுத் தொடுங்க."

சாரதா கோபமாகச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதுபோல் சொன்னாள். குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

காரை விட்டு இறங்குமுன் துடைத்த கைகள்தான். ஆனாலும் அவர் உள்ளே போனார். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, நகக்கண்ணைச் சுரண்டி, சுவரில் ஒட்டியிருந்த படத்தில் உள்ளபடி முழங்கைவரை கழுவினார். அது போதுமா என்று தோன்றவே இன்னொரு தடவை கழுவினார். துடைத்தால் தாளில் ஏதாவது இருக்குமோ என்று துடைக்காமலே வெளியே வந்தார்.

சாரதா போகவில்லை, காத்திருந்தாள். பின் ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. இருக்கைப் பட்டிக்குள் ஓவியா தலை சாய்ந்து கிடந்தாள்.

"ஊசி போட்ட அசதி. தூங்கிட்டா" என்றாள் சாரதா. "எழுப்ப வேண்டாமுங்க."

"வேண்டாம், வேண்டாம்" என்றார் திருமூர்த்தி.

கண்ணாடி மெல்ல ஏறிற்று. சொட்டுகிற கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, கார் பின்னால் எடுக்க வழிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார்.